கடுங்காப்பி நிறம்

"சோபனா… இங்க கொஞ்சம் வா."

குளியலறையிலிருந்து வந்த மாதவராஜின் குரல் சரியாக இல்லை. சோபனா அடுப்பைக் குறைத்துவிட்டு ஓடினாள். அவன் ஒரு கையால் கதவைப் பிடித்தபடி நின்றான். இன்னொரு கையால் கீழே காட்டினான்.

பீங்கானில் யாரோ கடுங்காப்பியைக் கொட்டிவிட்டுப் போனது போல இருந்தது.

"ஏங்க, இது நீங்க போனதா?"

"பின்ன, நீ காப்பி போட்டு ஊத்துனியா?" சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நேத்து சாயங்காலமே லேசா இப்படித்தான் போச்சு. வண்டிச் சூடுன்னு வுட்டுட்டேன்."

"நேத்தே சொல்றதுக்கு என்னாங்க?"

"இதையெல்லாமா கூப்புட்டுக் காட்டுவாங்க? தண்ணிய ஊத்து. அம்மா பாத்தா ஊரையே கூட்டிடும்."

அவள் ஊற்றினாள். கறுப்பு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கியது. முந்தைய நிமிடம் வரை அவள் சந்தோஷமாக இருந்தாள். மாதவராஜின் உள்ளங்கைகள் ஆறிக்கொண்டிருந்தன. எத்தனையோ மாதம் கழித்து நேற்றுத்தான் அவன் துணி சுற்றாமல் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான்.

கடத்தூருக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். சொந்தத்தில் கொஞ்சம் நிலம், தக்காளி. அது போக மாதவராஜ் ஒரு குட்டியானை வண்டி வைத்து, சுற்று வட்டாரத் தக்காளியை மண்டிக்கு ஏற்றிப்போய்க்கொண்டிருந்தான். அப்போதுதான் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மஞ்சள் மஞ்சளாகச் சீழ்க்கொப்புளங்கள் கிளம்பின. உடைந்து காய்ந்து தோல் தட்டுத்தட்டாக உரிந்தது. பிறகு மறுபடியும் கிளம்பின. சொரியாசிஸில் அது ஒரு வகை, ஒட்டாது என்றார்கள் டாக்டர்கள். மண்டியில் அதை யார் கேட்டார்கள்? அவன் தொட்ட கூடையை அடுத்தவன் தொட மறுத்தான். டீக்கடையில் அவனுக்கு மட்டும் காகிதக் கப் வந்தது. அதற்குப் பிறகு அவன் கையைக் கால்சட்டைப் பைக்குள்ளேயே வைத்துப் பழகிவிட்டான்.

கடைசியில் தருமபுரியில் தோல் டாக்டர் நிர்மலாவிடம் போனார்கள். மாதவராஜ், சோபனா, கூட முருகேஷ். முருகேஷ் மாதவராஜுக்குச் சித்தப்பா மகன். வாடகைக் கார் ஓட்டுகிறவன். எங்கே போனாலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவார்கள். மாமியார் ராமக்காள் வரவில்லை. 'ஆஸ்பத்திரி வாசனையே எனக்கு ஆவாது' என்று வீட்டோடு இருந்துவிட்டாள்.

டாக்டர் நிர்மலா நிதானமாகப் பேசினார்.

"இதுக்கு ஒரு மாத்திரை இருக்கு. நல்லாவே கேக்கும். ஆனா சில பேரோட ரத்தத்துக்கு அது ஆகாது. ரத்தத்துல சிவப்பு அணு இருக்குல்ல, அதுக்குள்ள ஜி6பிடின்னு ஒரு என்சைம். சிவப்பு அணு உடையாமப் பாத்துக்கறது அதுதான். சில பேருக்குப் பிறவியிலேயே அது குறைச்சல். சும்மா இருக்கிற வரைக்கும் ஒரு கஷ்டமும் தெரியாது. இந்த மாதிரி மாத்திரை உள்ள போச்சுன்னா ரத்தம் உடைய ஆரம்பிச்சிரும். அதனால முதல்ல அதுக்கு டெஸ்ட். ரிசல்ட் பாத்துட்டுத்தான் மாத்திரை."

பிறகு கேட்டார்: "உங்க குடும்பத்துல யாராவது மாத்திரை சாப்பிட்டு மஞ்சள் காமாலை வந்து படுத்தது, சிறுநீர் கறுப்பாப் போனது, அப்படி ஏதாவது உண்டா?"

முருகேஷ்தான் முந்திக்கொண்டான். "எங்க வகையறாவுல அப்படி யாருக்கும் இல்லீங்க மேடம். எங்க பாட்டனுக்கும் இல்ல, பெரியப்பா எங்கப்பா யாருக்கும் இல்ல. எல்லாம் கல்லு மாதிரி."

மாதவராஜும் தலையை ஆட்டினான்.

அன்று தருமபுரியில் ரத்தம் எடுத்து அனுப்பும் நேரம் தாண்டிவிட்டது. கடத்தூரிலேயே கொடுத்துக்கொள்கிறோம் என்று வந்துவிட்டார்கள். மறுநாள் சோபனாவுக்குத் தக்காளி பறிப்பு. அண்ணனும் தம்பியும் காரில் போய்விட்டு வந்தார்கள். சில நாளில் முடிவும் வந்தது. நார்மல். டாக்டர் மாத்திரை எழுதினார். கொப்புளம் அடங்க ஆரம்பித்தது.

இப்போது இந்தக் கறுப்பு.

"டாக்டர் சொன்னாங்களே, கறுப்பாப் போகும்னு…" சோபனா மெல்ல ஆரம்பித்தாள்.

"அது ரத்தம் ஆகாதவங்களுக்கு. எனக்குத்தான் நார்மல்னு வந்துடுச்சே." மாதவராஜ் அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னான்.

"இருந்தாலும் இன்னைக்கு ஒரு நாளைக்கு மாத்திரை வேணாமே. டாக்டர்கிட்ட கேட்டுட்டு…"

அவன் உள்ளங்கையை அவள் முகத்துக்கு நேரே விரித்தான். "பாரு. எப்படி ஆறியிருக்கு? இப்ப நிறுத்துனா மறுபடியும் மொதல்லருந்தா? மறுபடியும் காகிதக் கப்பா?"

வெள்ளை மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தான். சோபனா கிளினிக்குக்குப் போன் செய்தாள். டாக்டர் வெளியூரில் இருக்கிறார், நாளை மதியம் வந்துவிடுவார், வந்ததும் கூப்பிடச் சொல்கிறேன் என்று எடுத்த பெண் சொன்னாள்.

மறுநாள் காலை கட்டிலிலிருந்து எழுந்து வாசல் வரை வருவதற்குள் மாதவராஜுக்கு மூச்சு வாங்கியது. கண்ணின் வெள்ளை எலுமிச்சம்பழத் தோல் நிறத்துக்கு மாறியிருந்தது. உதட்டில் சிவப்பே இல்லை. சாம்பல் பூசியது போல் நீலம் பாரித்திருந்தது. குளியலறை வரை போக முடியாமல், கொல்லைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாழைக்குப் பக்கத்தில் நின்று சிறுநீர் கழித்தான்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ராமக்காள் அதைப் பார்த்துவிட்டாள். காய்ந்த மண்ணில் அது கறுப்பாக ஓடி நின்றது. அவள் கையிலிருந்த வாளி சாய்ந்து தண்ணீர் கொட்டியது. அதை நிமிர்த்தக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"அதே நெறம்" என்றாள்.

"என்னங்க அத்த?"

"எங்கண்ணன் மாதுவுக்கு இதே நெறம்தான்."

சோபனா மாதவராஜைத் தாங்கிக் கொண்டுவந்து கட்டிலில் சாய்த்தாள். ராமக்காள் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றாள். மகனை விட்டுவிட்டு மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணம் ஆகி வருசம் திரும்பல எங்கண்ணனுக்கு. பென்னாகரத்துப் பக்கம் எங்கப்பன் வூடு. காய்ச்சல்னு படுத்தான். அப்புறம் கறுப்பாப் போச்சு. கண்ணு மஞ்சளாச்சு. உதடு இப்படித்தான் நீலம் பூத்துச்சு. போய்ட்டான்." அவள் குரல் ஏறவே இல்லை. "அவன் பொண்டாட்டி காவேரி. சொந்தம் இல்ல, அசல்லருந்து வந்தவ, உன்ன மாதிரி. சோத்துல மருந்து வெச்சிட்டா."

புருஷனை முந்தானையில் முடிய வேண்டும் என்று பெண்டாட்டி சோற்றில் எதையோ கலந்துவிடுவாள். அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உள்ளுக்குள்ளேயே தின்னும். அதற்குத்தான் மருந்து வைப்பது என்று பேர். சோபனாவும் சிறு வயதிலிருந்து கேட்ட பேச்சுதான். அது தன்னை நோக்கி வரும் என்று அவள் நினைத்ததில்லை.

"காவேரி அப்புறம் என்ன ஆனாங்க?"

"கெணத்துல வுழுந்தா. தப்பு பண்ணாதவ எதுக்கு வுழுவா?"

மாதவராஜின் மூச்சு வேகமாகக் கேட்டது.

சோபனாவுக்குள் ஏதோ இடித்தது. "அத்த, அந்தக் காய்ச்சலுக்கு உங்கண்ணனுக்கு மாத்திரை ஏதாச்சும் குடுத்தாங்களா?"

"மலேரியான்னு ஊருக்கே வந்து குடுத்தாங்க. ஊரே முழுங்குச்சு. ஊரே செத்தா போச்சு?"

"ஐயோ, இதத்தான டாக்டர் கேட்டாங்க! குடும்பத்துல யாருக்காவது கறுப்பாப் போச்சான்னு…"

"எங்கண்ணன் எப்படிடி இந்தக் குடும்பம் ஆவான்? அவன் எங்கப்பன் வூட்டு ஆளு. இந்த வூட்டுக்கும் அவனுக்கும் என்ன இருக்கு?"

சோபனா ஜன்னல் விளிம்பில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்து முந்தானைக்குள் வைத்தாள். அதை ராமக்காள் பார்த்துவிட்டாள். பாய்ந்து வந்து பிடுங்கினாள்.

"இது எதுக்கு உனக்கு? இதனாலதான் எம்புள்ள கை ஆறுது. அது பொறுக்கலையா?"

"அத்த, கை ஆறுது, ஆனா ரத்தம் போவுது. கொஞ்சம் சொல்றதக் கேளுங்க…"

"டெஸ்ட் பண்ணி, எல்லாம் நல்லாயிருக்குன்னு படிச்சவங்க குடுத்த மாத்திரை கெடுக்குமாம்! இவ ஆக்கிப் போட்ட சோறு கெடுக்காதாம்!" ராமக்காள் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கினாள். "ராஜூ, வாயத் தொற கண்ணு. இனிமே அம்மா கையால மட்டும்தான் உனக்கு எல்லாம்."

"வேணாங்க! முழுங்காதீங்க!" சோபனா குறுக்கே போனாள்.

மாதவராஜ் கண்ணைத் திறந்து இருவரையும் பார்த்தான். அவனுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. "குடும்மா" என்றான். மாத்திரை தொண்டையில் இறங்கியது.

ராமக்காள் மீதியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நேராகச் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சோபனா காலையில் ஆக்கியதெல்லாம் கொல்லைக் கதவு வழியே மாட்டுத்தொட்டிக்குப் போகும் சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து, அதை மாட்டுக்கும் கொடுக்காமல் குழி தோண்டிப் புதைக்கும் சத்தம்.

"ஆம்புலன்சக் கூப்புடறேங்க" என்றாள் சோபனா, கணவனின் காதருகே.

"வேணாம்… ஊரே வந்து நிக்கும். முருகேஷ் வருவான்."

முருகேஷ் வந்தான். அண்ணனைப் பார்த்ததும் அவன் வாயில் எப்போதும் இருக்கும் கேலி காணாமல் போனது. ஆனால் வண்டி எங்கே போக வேண்டும் என்பதை ராமக்காள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். மலையடிவாரத்தில், மாந்தோப்புக்கு நடுவில், வைத்த மருந்தை வயிற்றிலிருந்து எடுக்கிறவர் ஒருவர் இருந்தார்.

"தருமபுரிக்குப் போகணும் முருகேஷ். கெஞ்சிக் கேக்கறேன்" என்றாள் சோபனா.

"பெரிம்மா பேச்ச எப்படி அண்ணி தட்டறது? ஒரு எட்டு அங்க காட்டிட்டு, அப்படியே நேரா தருமபுரி. நான் ஓட்டற ஓட்டுல லேட்டே ஆவாது."

"மொதல்ல தருமபுரி. அப்புறம் அங்க."

"நீ வாய மூடு" என்றாள் ராமக்காள் பின்சீட்டிலிருந்து. மகனின் தலையைத் தன் மடியில் வைத்திருந்தாள். "வர்றதுன்னா முன்னாடி குந்து. இல்ல, எறங்கிக்க."

சோபனா முன்னால் உட்கார்ந்தாள்.

தோப்பில் ஏற்கெனவே நாலைந்து குடும்பங்கள் காத்திருந்தன. மாதவராஜை இரண்டு பேர் தூக்கி வருவதைப் பார்த்து எல்லோரும் வழிவிட்டார்கள். மருந்து எடுக்கிறவர் வெள்ளை வேட்டி கட்டிய, சாதாரண ஆள். ரேஷன் கடையில் வரிசையில் நின்றால் அடையாளம் தெரியாது. அவர் மாதவராஜின் கண்ணை இழுத்துப் பார்த்தார். ஏதோ தழைச்சாற்றைக் குடிக்கக் கொடுத்தார். பித்தளைக் குழலை வயிற்றில் வைத்து, மறுமுனையில் வாயை வைத்து இழுத்தார். மூன்றாவது முறை இழுத்துவிட்டு வெற்றிலையில் துப்பினார்.

கறுப்பாக, மயிர் சுற்றிய ஒரு உருண்டை.

கூட்டத்தில் பெருமூச்சு கிளம்பியது. ராமக்காள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினாள்.

"வெச்சது பொம்பள" என்றார் அவர், வாயைக் கொப்பளித்துக்கொண்டே. "வெளிய தேடாதீங்க. வூட்டுக்குள்ளயே இருக்கற பொம்பள."

அத்தனை முகங்களும் சோபனா பக்கம் திரும்பின. அந்த வீட்டுக்குள் பெண்கள் இரண்டு பேர். இன்று காலை மாதவராஜின் வாயில் எதையாவது வைத்தவள் ஒருத்திதான். ஆனால் அந்த ஒருத்தியை யாரும் பார்க்கவில்லை.

"பொழுது சாயற வரைக்கும் ஆள இந்த எடத்த வுட்டு நகத்தக் கூடாது" என்றார் மருந்து எடுக்கிறவர். "மாத்திரை மருந்து எது சாப்புட்டாலும் சாப்புடட்டும். இந்தப் பொம்பள கையால பச்சத் தண்ணி கூடக் கூடாது."

அப்போது சோபனாவின் கையிலிருந்த போன் அடித்தது.

டாக்டர் நிர்மலா.

சோபனா மூச்சு விடாமல் சொன்னாள். கறுப்பு, மஞ்சள், நீல உதடு, மாமியாரின் அண்ணன், மலேரியா மாத்திரை. அந்தப் பக்கம் குரலே மாறிவிட்டது.

"அம்மாவோட அண்ணனா? அதை ஏன்மா அன்னைக்குச் சொல்லல?… சரி, அதை விடுங்க. இனிமே ஒரு மாத்திரை கூட உள்ள போகக் கூடாது. ஆனா அந்த என்சைம் டெஸ்ட் நார்மல்னு வந்துச்சே. எப்படி?" ஒரு கணம் நிறுத்தினார். "அவர் ரத்தம் குடுக்கும்போது நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இல்லீங்க டாக்டர். முருகேஷ்தான் கூட்டிட்டுப் போனான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முருகேஷ் கார்க் கதவில் சாய்ந்து நின்றான். போனில் பேசியது அவனுக்கும் கேட்டிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"முருகேஷ்?"

"நான்தான் குடுத்தேன் அண்ணி."

"என்ன குடுத்த?"

"ரத்தம். அண்ணன் கார விட்டு எறங்கவே இல்ல. அங்க ரத்தம் எடுக்கற பொண்ணு அண்ணங்கூடப் படிச்சது. கைய நீட்டுனா பாத்துடும், கடத்தூர் பூரா பேசும்னு அண்ணன் அழுவாத கொறையா சொல்லுச்சு. சரி, நானும் நீயும் ஒரே பாட்டன் ரத்தம்தான, யாரு குடுத்தா என்னன்னு… சீட்டு எழுதறவருதான் பேரக் கேட்டாரு. மாதவராஜ்னேன், கூட்டத்துல அந்தப் பொண்ணு சீட்டப் பாக்கவே இல்ல. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அண்ணன்தான்…"

சோபனா போனை அப்படியே நீட்டிப் பிடித்தாள். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"பாட்டன் ரத்தமா? இந்தக் குறை அப்பா வழியா மகனுக்கு வர்றது இல்லப்பா. அம்மா வழியா வர்றது. உன் ரத்தத்தை எத்தனை தடவை பாத்தாலும் உங்கண்ணன் ரத்தம் தெரியாது." அவர் பதற்றத்தை அடக்கிக்கொண்டு பேசுவது தெரிந்தது. "உள்ள ரத்தம் உடைஞ்சுகிட்டே இருக்கு. நேரா தருமபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி. நான் அங்க சொல்லிட்டு வர்றேன். கிளம்புங்க!"

தோப்புக்குள்ளிருந்து யாரோ கத்தினார்கள். பெஞ்சில் உட்கார்த்தி வைத்திருந்த மாதவராஜ் பக்கவாட்டில் சரிந்து மண்ணில் கிடந்தான்.

முருகேஷ் ஓடிப்போய் அவனை இரண்டு கைகளிலும் வாரினான். ராமக்காள் காரின் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பொழுது சாயட்டும்! இப்ப எடுத்தா புள்ள போயிடுவான்டா!"

"நகரு பெரிம்மா."

"சொன்னா கேளுடா, எங்கண்ணன…"

"நகருன்னு சொல்றன்ல!"

முருகேஷ் அவளிடம் அப்படிக் குரல் உயர்த்தியது அதுவே முதல் தடவை. அவள் ஒதுங்கினாள். சோபனா பின்சீட்டில் ஏறித் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். ராமக்காள் கடைசி நொடியில் முன்சீட்டில் ஏறினாள்.

வழி நெடுக முருகேஷ் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. சோபனா கணவனின் மூக்குக்குக் கீழே விரலை வைத்தபடியே வந்தாள். மூச்சு விரலில் படும். நிற்கும். அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். மறுபடியும் படும். அவன் உள்ளங்கை அவள் மடியில் விரிந்து கிடந்தது. பிறந்த குழந்தையின் கை போல, ஒரு கொப்புளம் கூட இல்லாமல்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் வாசலிலேயே காத்திருந்தது. ஆக்சிஜன் வைத்தார்கள். ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். முருகேஷ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தான். அவன் பிரிவு வேறு, மாதவராஜின் பிரிவு வேறு. "என்னோடது சேராதாங்க? கொஞ்சம் கூடவா?" என்று நர்ஸிடம் கேட்டான். அவள் வேலையாக இருந்தாள். இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள். அவன் மடித்த கையை இறக்காமலே வராந்தா மூலையில் போய் உட்கார்ந்துவிட்டான்.

இருட்டுவதற்குள் மாதவராஜின் மூச்சு ஒரு ஒழுங்குக்கு வந்தது. வெளியே வந்த டாக்டர் நிர்மலா சோபனாவின் தோளைத் தொட்டார்.

"இன்னும் ஒரு நாள் மாத்திரை போயிருந்தா நான் இப்ப வேற மாதிரி பேசிட்டு இருப்பேன். நானும் என் கண்ணு முன்னாடி ரத்தம் எடுக்க வெச்சிருக்கணும். விட்டுட்டேன்." பிறகு ராமக்காள் பக்கம் திரும்பினார். "அம்மா, இவருக்கு இப்ப அந்த டெஸ்ட் எடுத்தா சரியாத் தெரியாது. பாதி அடுத்தவங்க ரத்தம் ஓடுது. சில மாசம் கழிச்சு எடுக்கலாம். ஆனா உங்க ரத்தத்தைப் பாத்தா இப்பவே ஓரளவு தெரிஞ்சிரும். உங்க அம்மா வழியா உங்க அண்ணனுக்கு வந்திருக்கும். உங்க வழியா இவருக்கு. உங்களுக்குப் பெண்ணு இருக்காங்களா? அவங்க பசங்களையும் பாத்து வெச்சுக்கணும். ஒரு ஊசிதான்."

ராமக்காள் சேலைத் தலைப்பை இழுத்து இரண்டு கைகளையும் மூடிக்கொண்டாள்.

"என் ரத்தத்துல என்ன இருக்கு?"

"உங்க தப்பு இல்லம்மா. யாரோட தப்பும் இல்ல. உங்க அண்ணனும் அந்த மலேரியா மாத்திரையாலதான்…"

"எங்கண்ணனுக்கு அவ வெச்சா."

"அத்த," சோபனா மெல்லச் சொன்னாள், "யாரும் வெக்கல. காவேரியும் வெக்கல."

ராமக்காள் அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பயம் இருந்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறவளின் பயம். ஒரே ஒரு கணம்தான். பிறகு அவள் எழுந்து வராந்தாவின் கோடிக்குப் போய்விட்டாள். ரத்தம் கொடுக்கவில்லை. அன்றும் கொடுக்கவில்லை, மறுநாள் டாக்டர் கேட்டபோதும் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் போனில் யாரிடமோ அவள் சொல்லிக்கொண்டிருந்தது சோபனாவுக்குக் கேட்டது.

"ஆமா, உருண்டையாட்டம் வந்துச்சு. மயிரு சுத்தி. நானே பாத்தேன். நேரத்துக்கு எடுத்துட்டோம், அதனால பொழச்சான். இல்லன்னா எங்கண்ணன் கதிதான்… ஆமா, இங்கதான் இருக்கா. வுட்டுட்டா போவா? கூடவேதான் ஒக்காந்திருக்கா."

பதில் சொல்லச் சோபனாவுக்கு நேரமில்லை. மாதவராஜ் கண் விழித்திருந்தான். கஞ்சியோ இட்லியோ கொடுக்கலாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். சோபனா கீழே ஓடிப்போய் வாங்கிவந்தாள். வரும்போது படிக்கட்டில் ராமக்காள் எதிரே இறங்கிக்கொண்டிருந்தாள். மகனைப் பார்த்துவிட்டு வருகிறாள் என்று தெரிந்தது.

அவன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. சோபனாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, பொட்டலத்தைப் பிரித்தாள்.

"பயமுறுத்திட்டீங்க" என்றாள். "முருகேஷ் வெளிய பித்துப் புடிச்ச மாதிரி ஒக்காந்திருக்கான். நல்லா ஆனதும் அவன ரெண்டு போடுங்க. அவன் குடுத்த ரத்தத்தாலதான் எல்லாம்."

அவன் பார்வை பொட்டலத்தில் இருந்தது.

"கை எப்படிங்க இருக்கு?"

அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். ஓரத்தில் புதிதாக ஒரு மஞ்சள் புள்ளி கிளம்பியிருந்தது. கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

"அது கெடக்குது. அதுக்கு வேற மருந்து இருக்காம், டாக்டர் சொன்னாங்க. ஆ காட்டுங்க."

இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தொட்டு அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் வாயைத் திறக்கவில்லை. அவள் விரல்களைப் பார்த்தான். பிறகு கதவைப் பார்த்தான். அங்கே யாருமில்லை.

"அம்மா எங்க?"

"கீழ போயிருக்காங்க. ஏங்க, சூடு ஆறுது."

"உருண்டை வந்துச்சாமே" என்றான். "தோப்புல."

சோபனாவின் கை அந்தரத்தில் நின்றது.

"டாக்டர் சொன்னத நீங்க கேக்கலையா? ரத்தத்துல அந்த என்சைம் இல்லாததால…"

"கேட்டேன். டாக்டர் சொன்னதயும் கேட்டேன்." அவன் குரல் பலவீனமாக, பிரியமாகக்கூட இருந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக அவள் பக்கமே திருப்பினான். "நீயும் நேத்துலருந்து ஒண்ணும் சாப்புடல இல்ல? மொதல்ல நீ ஒரு வாய் சாப்புடு."

அவள் அந்தத் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். அவள் விழுங்கி முடிக்கும் வரை அவன் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.